சித்திரம் எப்போது முடிகிறது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நெசவாளி தறியிலிருந்து சேலையை அறுத்தெடுத்ததும் வேலை முடிந்தது என்பான். சித்திரக்காரன் எதைக் கொண்டு அவ்வாறு சொல்வான்? இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிற்று.

இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர், இரவு வானிலே வாணம் வெடித்துப் பொறிகள் சிதறுவதை 1875ஆம் ஆண்டில் தீட்டினார். கருமைக்கிடையே சில பொன்னிறப் புள்ளிகள், ஏறக்குறைய அவ்வளவே. 1877இல் அது காட்சிக்கு வந்தது. விலை 200 கினி. பெரும் புகழ் பெற்ற விமர்சகர் ரஸ்கின் அதனைக் கடுமையாக இகழ்ந்தெழுதினார். விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடுத்தார்.

1878 நவம்பரில் விசாரணை. இதைத் தீட்ட எத்தனை நாள் சென்றன என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவினார். இரண்டு நாள் என்றார் விஸ்லர். இரண்டு நாள் உழைப்புக்கா இவ்வளவு பணம் என்றதற்கு, ஆயுள் முழுவதும் தேடிய அறிவுக்கே அவ்விலை என்று விடையளித்தார். ரஸ்கின் சார்பிற் சாட்சி சொன்ன ஓவியர் பேர்ண் ஜோன்ஸோ, படம் முற்றுப்பெறவில்லை என்றார். முடிவு பெற்ற ஓவியத்துக்கு உதாரணமாக, டிசியன் வரைந்ததென அந்நாளிற் கருதப்பட்ட பழைய சித்திரமொன்றும் காட்டப்பட்டது.

விஸ்லர் வென்றார். கிடைத்த நட்டஈடு ஒரு பார்திங்! தம் வழக்குச் செலவையும் அவரே ஏற்க நேர்ந்தது. 1879இல் வங்குறோத்தாகி வீட்டையும் இழந்தார். ஆயினும் கொள்கையை விட்டாரில்லை. வரைந்த பாடு படத்திலே தெரியாது மறையும்போதே சித்திரம் முடிகிறது என்பது அவர் துணிபு.

சிந்தியுங்கள். எதிர்த்தரப்பார் நாட்களை எண்ணினர், நுணுக்கங்களைத் தேடினர். ஓவியர் தம் நோக்கத்தைப் பார்த்தார். இருளில் ஒரு கணம் தோன்றி மறையும் பொறியைக் காட்ட எண்ணியவர், மரத்தின் இலைகளையெல்லாம் எழுதியிருந்தால் பொறி மாய்ந்திருக்கும். குறைவதைப் போலவே மிகுவதும் குறைதான்.

நம் சிற்பிகள் விக்கிரகத்தின் கண்களை இறுதியிலேயே திறக்கின்றனர். வேலை முடிந்ததென்பதை அச்சடங்கு உலகுக்கு அறிவிக்கிறது. ஆனால், இனி உளி வேண்டாம் என்பதைச் சிற்பியின் உள்ளம் அதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டுமன்றோ? கூட்டியும் குறைத்தும் பழகிப் பழகியே அவ்வறிவு வருகிறது.

தோழர்களே, அரைகுறை வேலைக்கு விஸ்லரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். அவர் ஓவியம் பயிலப் பாரிசுக்குச் சென்றது 1855இல். அந்த இரண்டு நாட்களுக்குப் பின்னே இருபது ஆண்டுகள் நின்றன.