தொட்டியில் கலக்கும் முன்னே சோதிப்போம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



சபாக், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால் வாளி வந்தவுடன் கிராணி அதை நிறுத்துப் பார்ப்பார். அதோடு விட்டுவிட மாட்டார். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்க விடுவார். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகுதான் பெரிய தொட்டி. தொட்டியில் கலந்துவிட்டால் யார் பாலில் குறை என்று எவராலும் சொல்ல முடியாது.

இன்று கணினித் துறையில் கால்வைத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான்.

ஓர் இணையப் பக்கம் வழங்கிக் கணினியில் உருவாகிறது. அது நம் வீட்டுத் திரைக்கு வருமுன் சில இடைநிரல்களைக் கடந்து வருகிறது. இவற்றை ‘மிடில்வேர்’ என்பார்கள். ஒன்று மின்னஞ்சல் முகவரியை மறைக்கும். ஒன்று இணைப்புகளைப் பாதுகாப்பானதாக மாற்றும். ஒன்று பக்கத்தைச் சுருக்கும். சிறிய வேலைகள்தான். ஆனால் எல்லாப் பக்கங்களும் அந்த வழியாகவே வருவதால், அங்கே ஒரு தவறு நேர்ந்தால் எல்லோருக்கும் பாதிப்பு.

2017 பிப்ரவரியில் அது நடந்தது. இலட்சக்கணக்கான இணையத் தளங்களுக்குச் சேவை வழங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இடைநிரல், ஒருவர் கேட்ட பக்கத்தோடு வேறொருவரின் இரகசியத் தகவல்களையும் சேர்த்து அனுப்பியது. கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி இதைக் கண்டுபிடித்தார். தனிப்பட்ட உரையாடல்களும் ஹோட்டல் முன்பதிவுகளும் தேடுபொறிகளின் சேமிப்பில் கிடந்தன.

காரணம் என்ன? நினைவகத்தின் எல்லை வந்ததா என்று பார்க்கும் இடத்தில், நிரல் ‘எல்லைக்குச் சமமா?’ என்று மட்டும் கேட்டது. ‘தாண்டிவிட்டதா?’ என்று கேட்கவில்லை. பாதியில் முறிந்த குறியீட்டோடு ஒரு பக்கம் முடிந்தபோது, நிரல் எல்லையைத் தாண்டி அடுத்தவர் தகவலை அள்ளிக்கொண்டது. இந்தக் குறை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு புதிய நிரலைச் சேர்த்தபோதுதான் விழித்தது. முதல் தடுப்பு நடவடிக்கைக்கு 47 நிமிடம் ஆனது. முழுமையாக அடைக்க ஏறத்தாழ 7 மணி நேரம். ஆனால் வெளியே போன தகவல் போனதுதான்.

இதற்குத்தான் அலகுச் சோதனை. வழங்கியும் வேண்டாம், வலையமைப்பும் வேண்டாம். கையால் எழுதிய ஒரு போலிப் பக்கத்தை இடைநிரலிடம் கொடுத்து, எதிர்பார்த்தது வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பக்கத்தை மட்டும் கொடுத்தால் போதாது. வெறும் பக்கம், பாதியில் முறிந்த பக்கம், இரண்டு துண்டாக வந்து சேரும் பக்கம் என எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். படமோ பாட்டோ வந்தால் தொடாமல் விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘சபாக்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு முறையில் அது 5 குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். பக்கத்தை மாற்றிய இடைநிரல் அதன் நீளத்தையும் புதிதாக அறிவிக்க வேண்டும். பைட்டுகளை எண்ணாமல் குறிகளை எண்ணினால் தமிழ்ப் பக்கத்தின் பின்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டுதான். ஆகவே சோதனையில் ஒரு தமிழ் வரி கட்டாயம் இருக்கட்டும்.

தனித்தனியே தேறிய நிரல்கள் ஒன்றுசேரும்போது மோதிக்கொள்வதும் உண்டு. 2017 சம்பவம் சொல்வதும் அதுதான். எனவே வரிசையாக இணைத்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதிக் கணக்கை இன்று கைப்பேசியில் பார்க்கும் முதியவருக்கு இடைநிரல் என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கிராணி சரியாக அளப்பார் என்று நம்பித்தான் அன்று வாளியை இறக்கி வைத்தார். இன்று அந்த நம்பிக்கை நிரல் எழுதும் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.