கடலுக்கு அப்பால் ஒரு வீடு

இங்கிலாந்து நாட்டில் குளிர்காலம் நீண்டது. டிசம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். வெயிலுக்கு அஞ்சி நாம் நிழலைத் தேடுகிறோம். அந்நாட்டு மக்களோ வெயிலைத் தேடிக் கடல் கடந்து செல்கின்றனர். விமானப் பயணம் எளிதாகிய பின்னர், சில மணி நேரத்தில் அவர்கள் மத்தியதரைக் கடற்கரையை அடையலாயினர். ஆண்டுதோறும் விடுதிக்கு வாடகை கொடுப்பதைக் காட்டிலும், அங்கே நமக்கென்று ஒரு சிறு வீடு இருந்தால் நன்றன்றோ என்னும் எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. ஓய்வு பெற்ற முதியோர் பலர் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு ஸ்பெயின் நாட்டிலும் சைப்ரஸ் தீவிலும் வீடு வாங்கினர்.

அவ்வாறு வாங்கியவர்களுள் பலர் இன்புற்று வாழ்கின்றனர். சிலர் கைப்பொருளையும் மன அமைதியையும் ஒருங்கே இழந்தனர். இருசாராரும் ஏறத்தாழ ஒரே வகையான வீட்டைத்தான் பார்த்தனர்: வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, எதிரே நீலக் கடல். பின் வேறுபாடு எங்கே வந்தது? வீடு கண்ணுக்குத் தெரியும் பொருள். வீட்டின் மீதுள்ள உரிமை கண்ணுக்குத் தெரியாத பொருள். வாங்குவோர் பார்ப்பது முன்னதை. விலை கொடுப்பதோ பின்னதற்கு. அயல்நாட்டில் வீடு வாங்குவதன் இடர்கள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

முதலில் சைப்ரஸ் தீவை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டில் துருக்கிப் படைகள் அத்தீவின் வடபகுதியில் இறங்கின. தீவு இரண்டாகப் பிளவுபட்டது. வடக்கே வாழ்ந்த கிரேக்க இனத்தவர் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுத் தெற்கே ஓடினர். 1983ஆம் ஆண்டில் வடபகுதி தன்னைத் தனி நாடென்று அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதனை ஏற்கவில்லை. ஓடிப்போனவர்களின் நிலங்கள் அங்கே பிறருக்கு வழங்கப்பட்டன; பின்னர் வெளிநாட்டவர்க்கும் விற்கப்பட்டன. விலை மலிவாக இருந்தது. மலிவுக்குக் காரணம் என்னவென்று ஆராயாமல் பலர் வாங்கினர்.

ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் 2002ஆம் ஆண்டில் லாபிதோஸ் என்னும் ஊரில் அத்தகைய நிலமொன்றை வாங்கி வீடு கட்டினர். மறு ஆண்டு ஏப்ரல் திங்களில் இரு பகுதிகளுக்கும் இடையிலான எல்லைக் கடவைகள் திறக்கப்பட்டன. நிலத்தின் பழைய உரிமையாளர் வந்து பார்த்தார். தம் குடும்பத்தின் நிலத்தில் வேறொருவர் வீடு நிற்பதைக் கண்டார். தெற்கேயுள்ள நிக்கோசியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2004ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தீர்ப்பு வந்தது. வீட்டை இடிக்க வேண்டும், நிலத்தை ஒப்படைக்க வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்பது தீர்ப்பு.

நிக்கோசியா நீதிமன்றத்தின் ஆணை வடபகுதியில் செல்லாது. ஆகவே கவலையில்லை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் அதே ஆண்டு மே முதல் நாளில் சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ஓர் உறுப்பு நாட்டின் தீர்ப்பை மற்றோர் உறுப்பு நாட்டில் நிறைவேற்றலாம் என்பது ஒன்றியத்தின் விதி. பிரிட்டனும் அன்று உறுப்பு நாடு. உரிமையாளர் இங்கிலாந்துக்கே சென்று, அத்தம்பதியர்க்கு அங்கிருந்த சொத்தின் மீது தீர்ப்பை நிறைவேற்றுமாறு கேட்டார். 2006ஆம் ஆண்டில் ஆங்கில உயர்நீதிமன்றம் மறுத்தது. 2009 ஏப்ரல் 28ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் விளக்கம் தந்தது. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே முடிவு செய்தது. விடுமுறைக்கென்று கடல் கடந்து கட்டிய வீடு, பிறந்த நாட்டிலிருந்த வீட்டையும் இடரில் ஆழ்த்திவிட்டது! நட்டம், போட்ட முதலோடு நின்றுவிடும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இவ்வழக்கில் மற்றொரு பாடமும் உண்டு. வாங்கியவர்க்கு அது விடுமுறை வீடு. இழந்தவர்க்கு அது பிறந்த மண். மலிவான விலையின் பின்னே ஒருவருடைய கண்ணீர் இருக்கக்கூடும். இடரை எண்ணுவோர் அதனையும் எண்ணுதல் தகும்.

சைப்ரஸ் பிளவுபட்ட நாடு. அமைதியான நாட்டில் இத்தகைய இடர் இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஸ்பெயின் நாட்டைப் பார்ப்போம். அதன் தென்கிழக்கே அல்மேரியா மாவட்டத்தில் வேரா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஆங்கிலேய முதியோர் இருவர் ஊராட்சியின் அனுமதி பெற்றே வீடு கட்டினர். நிலம் அவர்களுடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஊராட்சி அளித்த அனுமதி நில அமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று அண்டலூசியா மாநில அரசு வாதாடியது. 2008ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவ்வீடு இடிக்கப்பட்டது. ஓர் அலுவலகம் கொடுத்த உரிமையை மற்றோர் அலுவலகம் பறித்தது. நில உரிமை வேறு, அந்நிலத்தில் கட்டும் உரிமை வேறு என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

கடற்கரைக்கோ தனிச் சட்டமே உண்டு. 1988ஆம் ஆண்டில் ஸ்பெயின் இயற்றிய கடற்கரைச் சட்டத்தின்படி, கரையோர நிலம் பொதுமக்களின் உடைமை. அவ்வெல்லைக்குள் ஏற்கெனவே இருந்த தனியார் வீடுகளின் உரிமை, குறித்த காலத்துக்கு மட்டும் குடியிருக்கும் சலுகையாக மாறியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காலத்தை 75 ஆண்டு வரை நீட்டிக்க இடந்தந்தது. அலையோசை கேட்கும் வீடே விரும்பத்தக்கது; அதுவே சட்டத்தின் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதும் ஆகும்.

அடுத்து, இன்னும் கட்டி முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதில் உள்ள இடர். முன்பணம் பெறும் கட்டடக்காரர் அதனைத் தனிக் கணக்கில் வைத்து, வங்கிப் பிணையோ காப்பீடோ தர வேண்டும் என்று 1968ஆம் ஆண்டிலேயே ஸ்பெயினில் சட்டம் இருந்தது. பிணைப் பத்திரம் கையிலுள்ளதா என்று பலர் கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டில் கட்டடத் தொழில் சரிந்தபோது நிறுவனங்கள் பல நொடித்தன. வெற்று நிலமும் பாதிச் சுவருமே மிஞ்சின. பிணை கேளாமல் முன்பணத்தை ஏற்ற வங்கியும் பொறுப்பாகும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 டிசம்பரில்தான். நீதி வந்தது, ஆனால் முதுமையில் காத்திருந்தவர்க்கு அந்த ஏழு ஆண்டுகள் சிறியனவல்ல.

இனி நாணய மாற்றைக் கருதுவோம். ஒருவருடைய ஓய்வூதியம் பவுண்டில் வருகிறது. வீட்டுக் கடனின் தவணையை யூரோவில் கட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 1.50 யூரோ கிடைத்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் 1.02 யூரோ அளவே கிடைத்தது. மாதத் தவணை 600 யூரோ என்று வைத்துக்கொள்வோம். முன்னர் அதற்கு 400 பவுண்டு போதும். பின்னர் 588 பவுண்டு வேண்டும். கடன் வளரவில்லை, வட்டி உயரவில்லை. ஆயினும் சுமை ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. விற்றுவிடலாம் என்றாலோ வாங்குவாரில்லை. 2007 முதல் 2014 வரை ஸ்பெயினில் வீட்டு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. இடர்கள் ஒவ்வொன்றாக வரும் என்று எண்ணுதல் கூடாது. அவை கைகோத்து வருவதும் உண்டு.

வீடு, உரிமை, பணம் மூன்றும் செவ்வையாக இருந்தாலும், அங்கே தங்கும் உரிமை வேறு. பிரிட்டன் 2020 ஜனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியது. இடைக்கால ஏற்பாடு முடிந்து 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு, குடியிருப்பு அனுமதியோ நீண்டகால விசாவோ இல்லாத ஆங்கிலேயர் 180 நாட்களுள் 90 நாட்கள் மட்டுமே ஸ்பெயினில் தங்கலாம். குளிர்காலம் முழுவதையும் அங்கே கழிக்கலாம் என்று வாங்கியவர்கள் நாட்களை எண்ணி வாழ வேண்டியதாயிற்று. திறவுகோல் கையில் உண்டு. நுழையும் நாள் கையில் இல்லை.

இவ்வளவு கேட்டபின், அயல்நாட்டில் வீடே வாங்கலாகாது என்று சொல்லத் தோன்றும். அது சரியான முடிவன்று. அச்சம் இடரை நிறுக்கும் தராசு ஆகாது. ஒவ்வோர் இடரைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு? வந்தால் இழப்பு எவ்வளவு? அவ்விழப்பை நம்மால் தாங்க முடியுமா? கூரை ஒழுகுவது அடிக்கடி வரும் இடர், செலவு சிறிது. உரிமை அழிவது அரிதாக வரும் இடர்; இழப்போ முழுமை. மக்கள் பெரும்பாலும் முன்னதற்கு அஞ்சிப் பின்னதை மறக்கின்றனர். கூரையைத் தட்டிப் பார்ப்பவர் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அறிவுடன் வாங்குவோர் செய்வது யாது? நம் நாட்டில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, ஸ்பெயினில் சொத்துப் பதிவகத்தின் சுருக்கச் சான்றைப் பெறுகின்றனர். உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பன அதில் விளங்கும். கட்ட அனுமதி முறையானதா என்பதை அறிய, ஊராட்சி அலுவலகத்திற்கும் செல்கின்றனர். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரை விடுத்து, தமக்கென்று ஒருவரை அமர்த்துகின்றனர்.

கணக்கும் போட்டுப் பார்க்கின்றனர். வீட்டின் விலை 1,50,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அப்பணத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு 4,500 யூரோ வரும். வரி, காப்பீடு, பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு 3,000 யூரோ எனக் கொண்டால், ஆண்டுச் செலவு 7,500 யூரோ. நான்கு வாரம் மட்டுமே தங்குவோர்க்கு வாரத்திற்கு 1,875 யூரோ ஆகிறது! வாடகை வீடே மலிவு என்பது அவர்க்கு விளங்கும். ஆண்டின் பாதியைக் கழிக்கும் உரிமையும் எண்ணமும் உடையவர்க்குக் கணக்கு மாறும்.

மாணவர்களாகிய உங்களுள் பலர் நாளை கடல் கடந்து செல்லலாம். சிலர் செல்லாமலே இருக்கலாம். வாங்கப்போவது வீடாயினும், சேரப்போவது ஒரு தொழிலாயினும், கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவது ஒன்று, கைக்கு வந்து சேர்வது மற்றொன்று. அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை எழுதியவர்க்கு அந்த அதிகாரம் உண்டா, நாளை அதை மாற்றக்கூடியவர் யார் என்று கையொப்பமிடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு ஆகும் செலவு சிறிது.