கட்டுப் போட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

(துவாஸ் வட்டார உறுப்பினர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





நம் சங்கம் பொன்விழாக் காண்கிறது. ஐம்பது ஆண்டு ஆனால் சங்கத்தின் வரவு செலவை எடுத்துப் பார்க்கிறோம். ஐம்பது வயதான உடம்புக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதில் நாம் பெரும்பாலும் பார்க்காமல் விடும் பக்கம் எலும்பு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு, துவாஸ் பக்கம் மளிகைச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரிகள். அரிசி மூட்டையை இறக்கும்போதே ஊர்ச் செய்தியும் வந்துவிடும். "உம்மா கீழே விழுந்துட்டாங்க, கை ஒடிஞ்சிடுச்சு, மாவுக்கட்டுப் போட்டாச்சு, அல்ஹம்துலில்லாஹ், இப்போ பரவாயில்லை" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். உண்மையில் அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். அந்தக் கை ஏன் ஒடிந்தது?

துவாஸில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கப்பல் பட்டறையில் சாரத்தின் மேலிருந்து விழுந்தால் யாருடைய எலும்பும் முறியும். அது விபத்து. ஆனால் குளியலறையில் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருடைய மணிக்கட்டோ இடுப்போ முறிந்தால், தரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அப்படி வலுவிழப்பதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்.

இதை மூட்டுத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மூட்டுத் தேய்ந்தால் வலிக்கும், மாடிப்படி ஏறும்போது தெரியும். எலும்புப்புரை வலிக்காது. எலும்பு முறியும் வரை ஒரு சத்தமும் கேட்காது.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் அன்று. பழையதை அரித்தெடுக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் நமக்குள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. ஏறத்தாழ 30 வயது வரை வரவு அதிகம், முதல் சேருகிறது. அதன்பின் சில காலம் வரவும் செலவும் சமம். பிறகு செலவு மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஆண்களுக்கு அப்படித் திடீர் இறக்கம் இல்லை. மெல்ல மெல்லக் குறையும். அதனால்தான் "இது பெண்களின் நோய்" என்று ஆண்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

அந்த நிம்மதிக்கு இடமில்லை. உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதமுள்ள வாழ்நாளில் இத்தகைய முறிவு ஏற்படும் என்று பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளை சொல்கிறது. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அப்படி இறப்பவர்களின் விகிதம் ஆண்களிடையே கூடுதல். பிழைத்தவர்களில் பலரும் முன்போல் தனியாக நடமாட முடிவதில்லை.

சிங்கப்பூரின் கணக்கையும் பாருங்கள். 1960களோடு ஒப்பிட்டால், 1991 முதல் 1998 வரையிலான காலத்தில் இங்கு இடுப்பெலும்பு முறிவு விகிதம் ஆண்களிடையே 1.5 மடங்காகவும் பெண்களிடையே 5 மடங்காகவும் உயர்ந்திருந்தது. 2000க்குப் பிறகு, வயதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் விகிதம் குறைந்திருக்கிறது. ஆனால் முதியோர் பெருகிவிட்டதால் எண்ணிக்கை குறையவில்லை: 2000ல் 1,487 ஆக இருந்த முறிவுகள் 2017ல் 2,729 ஆகிவிட்டன.

யாருக்கு ஆபத்து என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. சிங்கப்பூர் உட்பட எட்டு ஆசிய வட்டாரங்களைச் சேர்ந்த 860 பெண்களை ஆராய்ந்து 2001ல் வெளியிட்ட முறை இது. பெயர் ஆஸ்டா. மாதவிலக்கு நின்ற பெண்ணின் வயதிலிருந்து, கிலோ கணக்கில் அவருடைய எடையைக் கழியுங்கள். 20க்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். 0 முதல் 20 வரை நடுத்தரம். 0க்குக் கீழே போனால் குறைவு. 68 வயது, 45 கிலோ என்றால் விடை 23. அந்தத் தாய் தாமதிக்காமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒல்லியான, வயதான உடம்புக்கே ஆபத்து அதிகம் என்பதுதான் இதன் சாரம்.

இந்தக் கணக்கு பெண்களுக்காகச் செய்தது. ஆண்கள் இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்த வரலாறு, புகைப்பழக்கம், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்த உயரம், கூன் விழுந்த முதுகு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆணோ பெண்ணோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்றதும் ஒரு சொல். மூட்டுவலி ஒரே நாளில் பறந்துவிடும் என்று கைக்குக் கை மாறும் மாத்திரைகள், பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. அது எலும்பை அரிக்கும். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டு வந்தவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பரிசோதனைக்குப் பெயர் டெக்ஸா. படுத்திருந்தால் போதும்; ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. முடிவை டி ஸ்கோர் என்ற எண்ணாகத் தருவார்கள். மைனஸ் 1க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் என்றால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

இனி, தடுப்பது எப்படி?

முதலில் சாப்பாடு. 19 முதல் 50 வயது வரை நாளொன்றுக்கு 800 மில்லிகிராம், 51 வயது முதல் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் அதைவிடச் சற்றுக் கூடுதல். இக்கான் பிலிஸ் என்று இங்கு சொல்லும் நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுவது நல்லது. முருங்கைக்கீரை, எள், தௌகுவா எல்லாம் நம் கடைகளிலேயே உண்டு. பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது.

இரண்டாவது வெயில். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்கலாம். நம் நிறத்துக்கு அதை உண்டாக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் உம்மாமார்களுக்கும், உடலை முழுக்க மூடி வெளியே செல்பவர்களுக்கும், இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தம்பிமார்களுக்கும் அந்த வெயில் கிடைப்பதில்லை. ஓய்வு நாளிலாவது காலையில் கை கால்களில் வெயில் படட்டும். குறைவு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை சொல்லும். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மூன்றாவது, எலும்புக்கு வேலை கொடுப்பது. நடை, படியேறுதல், எடை தூக்கும் பயிற்சி ஆகியவை எலும்பை உறுதியாக்கும். நீச்சல் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அது மட்டும் போதாது. ஐவேளைத் தொழுகை மூட்டுகளை அசைய வைக்கிறது. ஆனாலும் தனியாக நடைப்பயிற்சியும் வேண்டும். முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள் முன்னால் குனிவது நல்லதன்று. ருகூஉ, சுஜூது பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு, நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

நான்காவது, விழாமல் பார்த்துக்கொள்வது. சுபுஹுக்கு எழும்போது அறை இருட்டு, ஒளு செய்யும் இடத்தில் ஈரம், கண்ணில் தூக்கம். மூன்றும் ஒன்று சேரும் நேரம் அது. இரவு விளக்கு ஒன்று எரியட்டும். தரை காய்ந்திருக்கட்டும். வீவக வீட்டில் 65 வயதான சிங்கப்பூர்க் குடிமக்கள் இருந்தால், ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடிகளையும் தரை வழுக்காமல் இருக்கும் பூச்சையும் சலுகை விலையில் போட்டுக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு கைப்பிடி வாங்கிப் பொருத்தப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நோய் வந்துவிட்டால் சிகிச்சை உண்டு. அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதையும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். ரமலானில் என்ன செய்வது? சஹருக்கு இன்னும் அரை மணி முன்னதாக எழுந்து மாத்திரை போட்டுவிட்டு, பிறகு சாப்பிடலாம். சாப்பிட்ட உடனே படுக்கக்கூடாது. உங்களுக்கு இது சரிவருமா என்று மருத்துவரிடம் நோன்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும், ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போட்டாலோ நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு முறியக்கூடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். இம்மருந்துகளைப் பயன்படுத்துபவர்கள் பல் பிடுங்கப் போகும்போது பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிதாகத் தாடை எலும்பில் பாதிப்பு வரலாம்.

வலி இல்லாததால் மருந்தைப் பாதியில் விடுவதுதான் பெரிய இழப்பு. முறிந்த எலும்பைச் சரிசெய்து அனுப்பிவிட்டால் போதாது என்று உணர்ந்துதான், 2008ல் இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் ஆப்டிமல் என்ற திட்டம் தொடங்கியது. முறிவோடு வருபவரை அடையாளம் கண்டு, பரிசோதித்து, மருந்து கொடுத்து, தொடர்ந்து கவனிப்பது அதன் வேலை. 2015 முதல் எலும்புப்புரைச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். வேலை அனுமதியில் உள்ள தம்பிமார்களுக்கு மெடிசேவ் இல்லை. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஆப்டிமலும் இல்லை. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபின் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் லேசாக விழுந்ததில் எலும்பு ஏதும் ஒடிந்ததா? உயரம் குறைந்து, முதுகு வளைந்திருக்கிறதா? எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போதாவது செய்தீர்களா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றும் மூன்றாவதுக்கு இல்லை என்றும் பதில் வந்தால், அடுத்த மாதம் அனுப்பும் பணத்தில் அந்தப் பரிசோதனைக்கும் ஒரு பங்கு வையுங்கள். உம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். வாப்பாவிடமும் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம் பெரியவர்கள் கடைசி வரை தங்கள் காலில் நின்று தொழும் உடல்நலத்தை எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக, ஆமீன்.