ஆங்கில அகராதியில் நம்மவர் சொற்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் அருகி வழங்கும் சொற்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கிரேக்கம், இலத்தீன் என்று தொடங்கினால் சபையிற் பலர் உறங்கிவிடக்கூடும். ஆகையால் நம் பக்கத்திலே பிறந்து கப்பலேறிய சில சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'மல்லிகற்றோணி' என்னும் சூப்பு நமது மிளகுதண்ணீரே. இறைச்சியைச் சேர்த்து நம் பாட்டிமார் அறியாத பண்டமாக்கிவிட்டார்கள்! 'கொறண்டம்' என்பது தமிழிலே குருந்தக்கல். இரத்தினபுரியில் அகழும் நீலக்கல் அதன் ஓரினம்.

'செறென்டிப்பிற்றி' என்னும் சொல்லுக்குப் பிறந்தநாளே உண்டு. 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி ஹொறேஸ் வால்போல் என்பார் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் அதனை ஆக்கினார். செறென்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். அந்நாட்டு இளவரசர் மூவர், தாம் தேடாதவற்றைத் தற்செயலாலும் கூரறிவாலும் கண்டறிந்தனர் என்பது பழங்கதை. இன்று பலர் இச்சொல்லை வெறும் அதிர்ஷ்டம் என்றே வழங்குகின்றனர். வால்போல் கூரறிவையும் சேர்த்தே சொன்னார். பரீட்சைக்குப் படிக்கும் தம்பிமார் இதைக் கவனிக்க.

இனி 'ஜகர்னோட்'. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்தி என்பது பொருள். இங்கிலாந்திலே பெரிய லொறிகளுக்கும் இப்பெயருண்டு. மூலமோ, ஒறிசாவின் பூரியிலே தேரேறும் ஜகந்நாதர் திருநாமம்! அடியார்கள் தேர்ச்சில்லின் கீழ் வீழ்ந்து மடிவதாகப் பயணிகள் எழுதி வைத்த கதைகளே இதற்குக் காரணம். 1872இல் ஒறிசாவைப் பற்றி நூல் எழுதிய ஹன்ரர் என்னும் பிரித்தானிய உத்தியோகத்தர், அங்கு நேர்ந்த மரணங்கள் பெரும்பாலும் நெரிசலில் நேர்ந்த விபத்துக்களே என்று மறுத்தார். ஆயினும் அகராதி மாறவில்லை. இதைக் கேட்டு நமக்குக் கோபம் வருவது இயல்பு.

அப்படியாயின் 'பறையா' என்னுஞ் சொல்லுக்கு யாரைக் கோபிப்பது? சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். ஒதுக்கப்பட்ட நாட்டையும், ஊர்சுற்றும் நாயையுங்கூட ஆங்கிலத்தில் இச்சொல்லால் அழைக்கிறார்கள். வேர்ச்சொல் பறை. பறை என்பது மேளம். அதில் இழிவு என்ன இருக்கிறது? இழிந்த பொருளை ஐரோப்பியர் கற்பனை செய்யவில்லை. நம் தெருக்களையும் கோயில் வாயில்களையும் கண்டே குறித்துக்கொண்டனர். கோயிலில் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957இலேயே இலங்கையிற் சட்டம் வந்துவிட்டது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபட அனுமதி கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.