அங்கதமும் அச்சமும்

இன்று திண்டிவனத்துள் அடங்கிவிட்ட கிடங்கில் என்னும் ஊர், ஒரு காலத்தில் சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகராக விளங்கியது. இதற்கு வடக்கே காஞ்சியில் இருந்த தொண்டைமானிடம் அதியமானின் தூதாகச் சென்றார் ஔவையார். நெய் பூசி மாலை சூட்டி வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டு, இவை அழகாக உள்ளன, எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போலப் பழித்த அப்பாட்டு, புறநானூற்றின் 95ஆம் பாட்டாக இன்றும் நிற்கிறது.

அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியச் செய்யுளியல் இரண்டாக வகுத்தது. ஏட்டில் வகுத்ததை விழுப்புரம் வட்டாரத் தெருக்கூத்து களத்தில் காத்தது. அரசன் வருகையை அறிவிப்பவன் கட்டியங்காரன். அவ்வரசனின் உடையையும் நடையையும் எள்ளி நகையாடுபவனும் அவனே. ஊர்ப் பெரியவர்கள் முன்னே அமர்ந்திருக்க, ஊர் நடப்பையும் அவன் இழுத்துப் பேசுவான். கூட்டம் சிரிக்கும், கூத்து விடியும் வரை நடக்கும்.

தொலைக்காட்சி வந்தபின் இந்தக் கட்டியங்காரன் என்ன ஆனான்? 2017இல் ஷியாம் ரங்கீலா என்னும் கலைஞர், பிரதமரையும் ராகுல் காந்தியையும் போலப் பேசி நடித்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த ஸ்டார் பிளஸ், அதை ஒளிபரப்பவில்லை. 2022 சனவரியில் ஜீ தமிழ் நிகழ்ச்சியொன்றில் இரு சிறுவர்கள் அரசனாகவும் அமைச்சனாகவும் வேடமிட்டு, பணமதிப்பிழப்பை நினைவூட்டும் வகையில் நடித்தனர். பாரதிய ஜனதா கட்சியினர் புகார் செய்தனர். ஒன்றிய அமைச்சகம் விளக்கம் கேட்டது. நிறுவனம் அப்பகுதியை நீக்க இசைந்ததாகப் புகார் கொடுத்த தரப்பே அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அச்சிதழ்களின் வரலாறும் இதுவே. 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றிற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எழுந்த கண்டனத்தால் சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்திற்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச்சு மாதம் சென்னை உயர்நீதிமன்றம் முடக்கத்தை நீக்க உத்தரவிட்டது. ஆயினும் அச்சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டம் முழுவதும் கலைஞனுக்குப் பகையன்று. 1994இல் நக்கீரன் தொடுத்த வழக்கில், அவதூறு வரக்கூடும் என்னும் அச்சத்தால் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின் அவதூறு குற்றமாகவே நீடிக்கும் என்று 2016இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வாண்டு அதன்முன் வந்த கணக்கின்படி, ஐந்தாண்டுகளில் தமிழக அரசின் சார்பில் தொடுக்கப்பட்ட அவதூறு வழக்குகள் 213. அவற்றுள் 55 ஊடகங்கள் மீது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் ஈராண்டு வரை சிறை என்கிறது.

தண்டனையைவிட வாய்தாவே கொடிது. நடிகை குஷ்பு 2005இல் கூறிய கருத்துக்காகப் பல ஊர்களில் வழக்குகள் தொடரப்பட்டன. 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. வென்றவர் அவர்தான், ஐந்தாண்டு அலைச்சலை யார் திருப்பித் தருவார்? ஒளிபரப்பாளர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறார். ஒரு நகைச்சுவையை வெட்டுவது மலிவு, வழக்கு நடத்துவது செலவு.

இதன் விளைவைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் சிரிப்பு குறைந்துவிடவில்லை. அது திசை மாறியிருக்கிறது. கருத்த நிறம், பருத்த உடல், மனைவி, மாமியார், வேலைக்காரர் இவர்களே கேலிப்பொருள். கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் கூடும் திருநங்கையரைத் திரையும் தொலைக்காட்சியும் எத்தனை முறை இழிவுபடுத்தின! அவர்களுள் எத்தனை பேர் வழக்குரைஞர் வைத்து அறிக்கை அனுப்ப இயலும்? வழக்குக்கு அஞ்சும் நகைச்சுவை, வழக்குப் போட வசதியுள்ளவரை விட்டுவிட்டு, வசதியற்றவர் மீது பாய்கிறது. ஔவை வேந்தனை நோக்கி வீசிய சொல், இன்று வேந்தனின் வாயிற்காவலனை நோக்கி வீசப்படுகிறது. முன்னது அங்கதம், பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

பொய்யான பழி சுமத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. உண்மையைச் சிரிப்பில் தோய்த்துச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைக் காக்கும் இடம் இனிப் பெருநிறுவனங்கள் அல்ல. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாதந்தோறும் நாற்பது ஐம்பது பேர் கூடும் இத்தகைய இலக்கிய வட்டங்களே. இங்கே விளம்பரதாரர் இல்லை. ஒளிபரப்பு உரிமமும் இல்லை. எனினும், கவியரங்கில் ஏறுமுன் ஒரு வரியை அடித்துவிடும் பழக்கம் கவிஞரிடையேயும் இல்லாமலில்லை. அவ்வரி பொய்யென்று அடிக்கப்பட்டதா, எவரோ சினப்பார் என்று அடிக்கப்பட்டதா என்பதைக் கவிஞர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பொய்யென்றால் அடித்தது அறம். அச்சத்தால் என்றால், பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் அவ்வரி ஒலிக்கட்டும்.