வண்டியின் மூச்சு



சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் வாழ்வோர்க்கும் அங்கு யாத்திரை செல்வோர்க்கும் ஜீப் இனத்து வண்டிகள் புதியன அல்ல. மலைப் பாதைக்கும் கிராமத்து மண் சாலைக்கும் ஈடு கொடுத்து, ஒரு குடும்பத்தையே மூட்டை முடிச்சுகளோடு சுமந்து செல்பவை அவை. 1994-இல் வெளிவந்த டாட்டா சுமோவும், 2000-இல் வெளிவந்த மஹிந்திரா பொலேரோ, டொயோட்டா குவாலிஸ் ஆகியனவும் இவ்வகையில் பலரும் அறிந்தவை. வண்டி ஏறுமுன் எஞ்சினைப் பற்றி விசாரிக்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். ஆனால், உள்ளே அமர்வோர் சுவாசிக்கும் காற்று எவ்வழியே வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று எவரும் கேட்பதில்லை. அதனைக் கேட்டறியவேண்டிய நிலை நமக்கு ஒரு மழையிரவில் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில், திருமலையில் தரிசனம் முடித்துத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் பழைய வாடகை வண்டி ஒன்றில் புறப்பட்டோம். தூரம் எழுபது கிலோமீட்டர் அளவே. குழந்தைகளையும் சேர்த்துப் பத்துப் பேர். மழைக்கு அஞ்சிக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டோம். சந்திரகிரியைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் முன்கண்ணாடி உட்புறத்தில் பனி பூத்தாற்போல் மங்கிற்று. ஓட்டுநர் ஒரு கையால் துணிகொண்டு துடைப்பதும், மறு கையால் வண்டியைச் செலுத்துவதுமாக வந்தார். குழந்தைகள் தலை வலிக்கிறது என்றனர், பெரியவர்கள் கண்ணயர்ந்தனர். ஓட்டுநரும் கொட்டாவி விடக் கண்டபின்தான் நமக்கு அச்சம் பிறந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் மங்கிய கண்ணாடியில் பரவி, சாலையையே மறைத்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவுகளைத் திறந்தோம். சில நிமிடங்களில் கண்ணாடியும் தெளிந்தது. நம் தலையும் தெளிந்தது.

மறுநாள் காலை சித்தூரில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “வண்டிக்கு ஒன்றும் இல்லை, சார், மூச்சு விடத்தான் வழியில்லை” என்றார். அவர் அன்று காட்டியவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எஞ்சின் மூடிக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே, கண்ணாடியின் அடிவாரத்தில், சல்லடை போன்ற இடுக்குகள் உள்ளன. வெளிக்காற்று நுழையும் வாசல் அதுவே. அவ்விடத்தை ஏன் தேர்ந்தனர்? ஓடும் ஆற்றுநீர் அணையில் மோதித் தேங்கி உயர்வது போல, எதிர்க்காற்று கண்ணாடியின் சரிவில் மோதித் தேங்குகிறது. அங்கே அழுத்தம் மிகுகிறது. மிகுந்த அழுத்தம் காற்றைத் தானே உள்ளே தள்ளுகிறது. சாலைப் புழுதியும் புகையும் அவ்வளவு உயரத்தில் சற்றுக் குறைவு என்பதும் ஒரு நன்மை.

இந்த அழுத்தம் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கே இருபது கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும். ஆகவே திருமலையின் வளைவுகளில் ஊர்ந்து ஏறும்போது வண்டியின் ஓட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. உள்ளிருக்கும் மின்விசிறியைச் சுழலவிட வேண்டும்.

காற்று உள்ளே வந்தால் மட்டும் போதுமா? நம் முன்னோர் முன்வாசலுக்கு நேரே கொல்லைவாசலையும் வைத்தனர். ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தால் காற்று வீட்டினுள் உலவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1964-இல் இங்கிலாந்தின் போர்டு கார்ட்டினா மோட்டாரில் இம்முறையைச் செம்மையாக அமைத்தனர். முன்புறம் நுழையும் காற்று, கண்ணாடிகளைத் திறவாமலே பின்புறத் துளைகளின் வழியே வெளியேறிற்று. பின்னர் இது உலகெங்கும் பரவியது. இன்று நம் வண்டிகள் பலவற்றில் பின்பக்கச் சுவரிலோ மூலையிலோ இத்துளைகள் மறைந்துள்ளன. வெளியே மட்டும் திறக்கும் மெல்லிய ரப்பர் இதழ்கள் அவற்றை மூடிக் காக்கின்றன.

மூன்றாவதாக, ஓட்டுநர் முன்னே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதனை ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்று வரும்; மறுபக்கம் தள்ளினால் ஓர் இதழ் வெளிவாசலை மூடி, உள்காற்றையே மீண்டும் மீண்டும் சுழலவிடும். வண்டிப் படத்தினுள் நுழையும் அம்பு முதலாவதற்கு அடையாளம். படத்தினுள்ளேயே வளையும் அம்பு இரண்டாவதற்கு அடையாளம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இச்சிறு குறியின் பொருள் அதுவரை விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் வண்டியில் நேர்ந்தது என்ன? புளியமரத்தடியில் நாள்தோறும் நிறுத்தியதால் முன்வாசலில் சருகு அடைத்திருந்தது. பின்துளைகளை நம் மூட்டைகளே மூடியிருந்தன. நெம்புகோலோ, அதன் கம்பி துருவேறி, உள்காற்றின் பக்கமே இறுகி நின்றது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு. நாம் விடும் மூச்சிலோ அது நூற்றில் நான்கு பங்கு, அதாவது நூறு மடங்கு. பத்துப் பேர் விட்ட மூச்சு வெளியேற வழியின்றி நின்றால் தலைவலியும் மந்தமும் தோன்றுவதில் வியப்பில்லை. அம்மூச்சின் ஈரமே குளிர்ந்த கண்ணாடியில் படிந்து ஓட்டுநரின் கண்ணை மறைத்தது.

ஆதலின் சில சொல்வோம். வாரம் ஒருமுறை முன்வாசலின் சருகை அகற்றுங்கள். அங்குள்ள வடிகால் அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மூட்டைகளை அடுக்கும்போது பின்துளைகளுக்கு இடம் விடுங்கள். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்கையில் கதவு எளிதில் சாத்திக்கொள்ளாமல், ஒரு கண்ணாடியை இறக்கியதும் நன்கு சாத்திக்கொண்டால், வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம் என்று ஐயுறுங்கள். முன்னே செல்லும் லாரி புகை கக்கினால் சிறிது நேரம் உள்காற்றுக்கு மாற்றுவது தகும். புகை நீங்கியதும் திரும்ப மாற்ற மறவாதீர்கள். கண்ணாடி மங்கினால் வெளிக்காற்றைக் கண்ணாடியின் மேல் செலுத்துங்கள். குளிர்சாதனம் இருப்பின் அதனையும் சேர்த்து இயக்குங்கள், அது ஈரத்தை உறிஞ்சும்.

இன்னும் ஒன்று உண்டு. இஃது உயிரைப் பற்றியது. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைகிறது; எஞ்சின் விடும் புகை அங்கே சுழல்கிறது. பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் அப்புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மானாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தரிசனத்துக்குக் காத்திருக்கும் இரவில், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடி வண்டியினுள் உறங்குவோர் உண்டு. நெம்புகோல் எப்பக்கம் இருப்பினும் அந்த உறக்கத்திற்குக் காவல் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளைச் சற்று இறக்கிப் படுங்கள். இயன்றால் சத்திரத்திலேயே படுங்கள்.

அன்று அந்த மெக்கானிக் சருகை அள்ளிப் போட்டு, கம்பிக்கு எண்ணெய் விட்டு, நெம்புகோலை இருபுறமும் அசைத்துக் காட்டினார். வேலை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதன்பின் எந்த வண்டியில் ஏறினாலும் நம் கண் முதலில் அச்சிறு அம்பைத்தான் தேடுகிறது. உங்கள் கண்ணும் தேடட்டும்.