உதவியும் உரிமையும்



துன்புறும் அண்டை அயலாருக்குத் திருச்சபைத் தொண்டர்கள் எவ்வாறு உதவுகின்றனர் என்பது பற்றி இவ்விழாவில் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். செம்பரம்பாக்கத்தில் நின்று இதைப் பேசுவோர் 2015 டிசம்பரை மறந்து பேச இயலாது. டிசம்பர் 1ஆம் நாள் இவ்வேரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற, அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. அந்நாட்களில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேற்றுமையின்றிக் கதவுகள் திறந்தன. வழிபாட்டுக் கூடங்களில் பாய்கள் விரிக்கப்பட்டன. இளைஞர் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து இடுப்பளவு நீரில் நடந்தனர். பசித்தவன் முன் சோற்றை வைப்பது பெருந்தொண்டு. அதனைச் சிறிதும் குறைத்துக் கூற மாட்டோம்.

எனினும் நீர் வடிந்த பின் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசின் நிவாரணத் தொகை வங்கிக் கணக்கின் வழியே வந்தது. கணக்குப் புத்தகமும் குடும்ப அட்டையும் வெள்ளத்தோடு போனவர் யாரிடம் போய் நிற்பார்? நகரெங்கும் குவிந்த குப்பையை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் எச்சமூகத்தினர் என்பதை இவ்வவையில் விளக்க வேண்டுவதில்லை. பொட்டலம் கொடுத்த கைகள் அனைத்தும் இந்த இடம்வரை வந்தனவா என்பதே நம் வினா.

இடம்வரை வந்த தொண்டும் உண்டு. அதுவும் நம் நாட்டிலேயே, பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. இந்த ஏரிக்கரை ஊர்களும் அன்று அம்மாவட்டத்தைச் சார்ந்தவையே. செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் வட்டாரத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி என இருவர் 1880களில் சேரிகளுக்குள் நடந்தனர். அங்கே பசியைக் கண்டனர். பசிக்குக் காரணத்தையும் கண்டனர். ஊரைச் சுற்றித் தரிசு நிலம் கிடந்தது. பண்ணையாள் ஒருவன் அதற்குத் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதார் முன்னுரிமை கோரி அதனைத் தடுப்பார். குடிசை நின்ற மனையும் அவருடையது எனப்பட்டது. ஆகவே மனு கொடுத்தவன் வீட்டையும் இழக்க நேரும். இந்நிலையில் ஒருவனுக்கு ஒருபடி அரிசி கொடுத்தால், மறுநாளும் அவன் அதே வாசலில்தான் நிற்பான்.

ஆகவே அவர்கள் பத்திரிகைகளில் எழுதினர், அரசுக்கு விண்ணப்பித்தனர், ஏழைகளின் தர்க்காஸ்துகளுக்குத் துணை நின்றனர். மதம் மாற்றவே இதைச் செய்கின்றனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. மதம் பரப்பும் நோக்கம் அவர்களுக்கு இருந்தது உண்மையே; அதை மறைப்பானேன்? அதனால் மனுவில் எழுதியது பொய்யாகிவிடவில்லை. ஊர் ஊராகச் சென்ற உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் இப்பணியில் பங்கு கொண்டனர். அவர்களில் நம்மவர் பலர். துரைமார் பெயர் நூல்களில் நிற்கிறது. இவர்கள் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை.

செங்கற்பட்டின் பொறுப்பு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் நம் மக்கள் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், 1892இல் பிறந்த அரசாணையும் இச்சூழலில் தோன்றியவையே. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அவ்வாணையின் வழி வந்தது. அதே மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பிறர் நமக்காக எழுதிய காலத்திலேயே நாமும் நமக்காக எழுதத் தொடங்கிவிட்டோம். இதனை இளைஞர்கள் நன்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அந்நிலங்களிற் பல பின்னர்ப் பிறர் கைக்குப் போயின. 1994இல் காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது, அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர். மற்றவர் பெயர் திருமலையின் பெயர். குண்டு அதைக் கேட்டுப் பாயவில்லை.

திருச்சபைக்குள்ளும் தனி இருக்கை, தனிக் கல்லறை என்ற இழிவு பல இடங்களில் இருந்ததை நாம் அறிவோம். தன் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிவிட்டு அயலான் குடிசைக்குப் பொட்டலம் கொண்டுவரும் தொண்டரை நாம் மரியாதையோடு வரவேற்று, அந்தச் சுவரைப் பற்றியும் கேட்க வேண்டும்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிவிழா நினைவாக மண்டபம் எழுப்புவது பற்றிப் பேசுகின்றனர், எழுப்புக. அதற்கு முன், ஞாயிறு மாலை தோறும் இரண்டு மணி நேரம், ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போடுவோம். படித்த நம் பிள்ளைகள் இருவரும், தேவாலயத் தொண்டர் இருவரும் அங்கே அமரட்டும். பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, கல்வி உதவித்தொகை, இழந்துபோன குடும்ப அட்டை எதுவாயினும் வருகிறவருக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். எழுதியதன் நகலை வைத்துக்கொள்ளட்டும். வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அம்மனுதாரர் தனியே போகாதபடி ஒருவர் உடன் செல்லட்டும். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம்.